சிறு லொறிக்கு எந்தப் பற்றரி?

ரேடியோ அலைகளால் இயக்கப்படும் மின்சாரக் கார்களையும் லொறிகளையும் இன்று எமது இளைஞர் பலர் அறிவர். வெளிநாட்டிலுள்ள மாமாவோ அண்ணனோ கொண்டுவந்து கொடுத்ததாகவோ, ஒருவர் பாவித்தபின் விற்றதாகவோ அவை வீடுகளை வந்தடைகின்றன. கடைத்தெருவிற் கிடைக்கும் விளையாட்டுப் பொருளுக்கும் இவற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. முன்னையதில் ஒரு பகுதி பழுதானால் முழுவதையும் வீசவேண்டியதுதான். பின்னையதிலோ மோட்டர், வேகக் கட்டுப்படுத்தி, சில்லைத் திருப்பும் சேர்வோ, ரேடியோ வாங்கி, பற்றரி என யாவும் தனித்தனியே கழற்றி மாற்றக்கூடியவை. பொழுதுபோக்குக்கான பொருளெனினும், மின்னியலைக் கையாற் படிப்பதற்கு இதைவிட நல்ல பாடப்புத்தகம் கிடைப்பது அரிது.

இந்த வசதியே சிக்கலுக்கும் காரணமாகிறது. லொறியை வைத்திருப்பவர் முதலிற் கேட்கும் கேள்வி, "எந்தப் பற்றரி போட்டால் இன்னும் வேகமாய் ஓடும்?" என்பதே. கேள்வி தலைகீழாய் நிற்கிறது என்பது எமது எண்ணம். மின்னோட்டம் பற்றரியிற் புறப்பட்டு, பிளக்கினூடாக வேகக் கட்டுப்படுத்திக்குட் சென்று, மோட்டரை அடைந்து, மீண்டும் பற்றரிக்கே திரும்புகிறது. இந்த ஒரே பாதையில் எந்தப் பகுதி மிக மெலிந்ததோ, அதுவே முதலிற் கருகும். ஆகவே மோட்டரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கி வந்து, கடைசியிலேயே பற்றரியைத் தெரிதல் வேண்டும். பற்றரிக்கும் முன்னதாக வாங்கவேண்டிய பொருள் ஒன்றும் உண்டு. அது பொருத்தமான மின்னேற்றி. அதிற் காசை மிச்சம்பிடித்துப் பெரிய பற்றரி வாங்கியவர் வீட்டில் தீயை விலைக்கு வாங்குகிறார் என்று சொல்வது மிகைப்படுத்தலன்று. காரணத்தைப் பின்னர் விளக்குவோம்.

நாம் இங்கே எடுத்துக்கொள்வது உண்மை வாகனத்தின் பத்தில் ஒரு பங்கு அளவிலான, 2½ முதல் 3 கிலோ வரை நிறையுள்ள, சாதாரண லொறியை. இவற்றிற் பெரும்பாலானவற்றில் "540" எனப்படும் மோட்டரே இருக்கும். யப்பானின் மபுச்சி நிறுவனத்தின் பெயரீட்டு முறையில் வந்த இலக்கம் இது. 1976இல் தமியா நிறுவனம் தனது முதலாவது ரேடியோ மின்சாரக் காரை வெளியிட்டபோது அதிற் பொருத்தியிருந்ததும் 540 மோட்டர்தான். ஏறக்குறைய 36 மில்லிமீற்றர் விட்டமும் 50 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட இவ்வுருளை, அரை நூற்றாண்டு கடந்தும் மாறவில்லை. பழைய வண்டியிற் புதிய மோட்டர் பொருந்துவது இதனாலேயே.

மோட்டர் கேட்பது எவ்வளவு?

பலர் நினைப்பதுபோல் பற்றரி மின்னோட்டத்தை மோட்டருக்குள் தள்ளித் திணிப்பதில்லை. எவ்வளவு வேண்டுமோ அவ்வளவை மோட்டரே இழுத்துக்கொள்கிறது. அது எதனால் தீர்மானிக்கப்படுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் மற்ற யாவும் இலகுவாகும்.

நின்றுகொண்டிருக்கும் மோட்டர், மின்னியற் கண்ணோட்டத்தில், வெறும் செப்புக்கம்பிச் சுருளே. அதன் தடை மிகமிகச் சிறிது. அந்நிலையில் மின்னைக் கொடுத்தால் மின்னோட்டம் வெள்ளம்போற் பாயும். மோட்டர் சுழலத் தொடங்கியதும் அதுவே ஒரு டைனமோவாகவும் தொழிற்பட்டு, பற்றரிக்கு எதிரான வோல்ற்றளவு ஒன்றைப் பிறப்பிக்கிறது. வேகம் கூடக்கூட இவ்வெதிர்ப்பும் கூடி, மின்னோட்டம் குறைகிறது. சுமையின்றிச் சுழலும் 540 மோட்டர் ஓரிரு அம்பியருடன் திருப்தியடையும். அதே மோட்டரைக் கல்லில் முட்டவிட்டுச் சுழலாமற் பிடித்தால், பல பத்து அம்பியர்கள் பாயும். அவ்வளவும் அசைவாக மாறாமல் வெப்பமாகவே மாறும். சைக்கிளில் நெல்மூட்டையை ஏற்றிக்கொண்டு உயர்ந்த கியரில் ஏற்றம் ஏறுபவரின் நிலை இதுதான்: கால் நகராது, வியர்வை மட்டும் கொட்டும்.

ஆகவே லொறி எவ்வளவு மின்னோட்டத்தை இழுக்கும் என்பதைத் தீர்மானிப்பவை நிறை, சில்லின் பருமன், நிலம், பற்சில்லுகளின் விகிதம் ஆகியவையே. மோட்டர் அச்சிலுள்ள சிறு பற்சில்லிற் பல்லைக் கூட்டினால் வேகம் கூடும், இழுவை குறையும், மின்னோட்டம் ஏறும். பெரிய ரயர் மாட்டினாலும் விளைவு அதுவே. பெரிய ரயர் அழகாயிருக்கிறதென்று மாட்டிவிட்டு, மோட்டர் ஏன் கொதிக்கிறது என்று கேட்பவர்களுக்கு விடை இதுதான். இரண்டு மூன்று பல் குறைந்த சிறு பற்சில்லு ஒன்றை மாட்டுவது, புதிய பற்றரி வாங்குவதிலும் மலிவானது. பல வேளைகளிற் பயனும் கூடியது.

மோட்டர்களின் மேல் 12, 21, 27, 35, 55 என்றவாறு இலக்கங்கள் இருக்கும். அவை சுருளின் சுற்றுகளின் எண்ணிக்கையைக் குறிப்பன. சுற்றுக் குறைந்தால் கம்பி தடிப்பாகவும் தடை சிறிதாகவும் இருக்கும். வேகமும் மின்னோட்டமும் கூடும். சுற்றுக் கூடினால் வேகம் குறைந்து, மின்னோட்டமும் அடங்கும். ஓட்டப்பந்தய வண்டிக்கு 12 சுற்றும், பொதுப் பாவனைக்கு 21 முதல் 27 சுற்று வரையும், கல்லிலும் மேட்டிலும் மெல்ல ஏறும் லொறிக்கு 35 சுற்றும் அதற்கு மேலும் ஏற்றவை. லொறி என்ற பெயருக்கேற்பப் பாரம் இழுத்து மெல்லச் செல்லும் வண்டியே வேண்டுமெனில் 35 சுற்றை விரும்பித் தெரியலாம். மின்னோட்டம் குறைவாதலால் ஏனைய பகுதிகள் யாவற்றையும் மலிவாக வாங்கலாம்.

தூரிகையற்ற மோட்டர்களைப் பற்றியும் கேட்பார்கள். காபன் தூரிகை தேய்வதில்லை, திறனும் கூடியது என்பது உண்மை. ஆனால் அதற்கென்றே வேறான கட்டுப்படுத்தி வேண்டும். நிலையறியும் உணரி இல்லாத மலிவான வகை, மிக மெதுவாக ஓடும்போது திக்கித் திக்கி நகரும். வேகம் விரும்புபவர்க்கு நல்லது. முதல் லொறிக்கு அது அவசியமில்லை.

வோல்ற்று, அம்பியர், மணி

பற்றரியின் மேலுள்ள இலக்கங்களைக் கிணற்றடி நீர்த்தாங்கியோடு ஒப்பிடலாம். தாங்கி எவ்வளவு உயரத்தில் நிற்கிறதோ அது வோல்ற்று. குழாயினூடாக வேளைக்கு எவ்வளவு நீர் பாய்கிறதோ அது அம்பியர். தாங்கி எவ்வளவு கொள்ளுமோ அது அம்பியர் மணி. பற்றரியில் இது ஆயிரத்தாற் பெருக்கப்பட்டு மில்லியம்பியர் மணி என எழுதப்படும். 5000 மில்லியம்பியர் மணி என்பது 5 அம்பியரை ஒரு மணிநேரம், அல்லது 10 அம்பியரை அரை மணிநேரம் தரவல்லது. லொறி சராசரியாக 10 அம்பியர் இழுத்து, நாம் கொள்ளளவின் ஐந்தில் நான்கை மட்டும் பாவித்தால், 24 நிமிடம் ஓடலாம். கொள்ளளவு கூடிய பற்றரி வண்டியை வேகமாக ஓட்டுவதில்லை, நீண்டநேரம் ஓட்டுகிறது. இதைப் பலர் மாறி விளங்கிக்கொள்கின்றனர்.

ஒவ்வொரு பற்றரிக்கும் அகத்தடை என்ற ஒன்றும் உண்டு. தாங்கியின் அடியிலுள்ள குழாய் ஒடுக்கமாயிருப்பது போன்றது அது. ஆறு கலங்கள் கொண்ட பழைய பற்றரியொன்றின் மொத்த அகத்தடை 60 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். 20 அம்பியர் பாயும்போது 1.2 வோல்ற்று உள்ளேயே இழக்கப்பட்டு, 7.2 வோல்ற்றுப் பற்றரி 6 வோல்ற்றுப் பற்றரியாகிவிடும். இழந்த 1.2 வோல்ற்றை 20 அம்பியராற் பெருக்கினால் 24 வாற்று. அது பற்றரியைச் சூடாக்கும் வெப்பம். மோட்டர் பலமிழந்துவிட்டது என்று நினைத்து மாற்றுகிறவர்கள், பற்றரி கிழமாகிவிட்டது என்பதைக் கவனிப்பதில்லை.

மூன்று இனங்கள்

முன்னர் நிக்கல் கட்மியப் பற்றரிகளே இவ்வண்டிகளில் ஓடின. கட்மியம் நஞ்சு, அப்பற்றரிகளை இப்போது தேடி வாங்க வேண்டியதில்லை. அவற்றின் இடத்தை நிக்கல் உலோக ஐதரைட்டு வகை பிடித்துக்கொண்டது. ஒரு கலத்துக்கு 1.2 வோல்ற்று, ஆறு கலங்கள் தொடராக இணைந்து 7.2 வோல்ற்று. முரட்டுத்தனமான பாவனையைத் தாங்கும். சற்றே கூடுதலாக மின்னேற்றினாலும், முற்றாக இறக்கினாலும் உடனே ஆபத்து விளைவிப்பதில்லை. பாரம் கூடியது. சும்மா வைத்தாலும் மின்னை மெல்ல மெல்ல இழக்கும்.

இரண்டாவது, லிதியம் பொலிமர். ஒரு கலத்துக்கு 3.7 வோல்ற்று, முழுமையாக ஏற்றினால் 4.2 வோல்ற்று. இரண்டு கலம் சேர்ந்தால் 7.4 வோல்ற்று, இதைக் கடைகளில் "2 எஸ்" என்பர். 3000 மில்லியம்பியர் மணி கொண்ட ஆறு கல நிக்கல் பற்றரி 21.6 வாற்று மணிச் சக்தியைக் கொள்ள, அதைவிடப் பாரம் குறைந்த 5000 மில்லியம்பியர் மணி லிதியம் பற்றரி 37 வாற்று மணியைக் கொள்கிறது. அகத்தடையும் மிகக் குறைவு. எல்லோரும் இதையே நாடுவது வியப்பன்று. ஆனால் இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு, இரண்டையும் மீறலாகாது. கலம் 4.2 வோல்ற்றுக்கு மேலே போகக்கூடாது. 3 வோல்ற்றுக்குக் கீழேயும் இறங்கக்கூடாது.

மூன்றாவது, லிதியம் இரும்புப் பொசுபேற்று. கலத்துக்கு 3.2 வோல்ற்று. சூரியசக்தி அமைப்புகளில் இவ்வினத்தை இன்று பரவலாகக் காணலாம். தீப்பற்றும் அபாயம் பொலிமர் வகையிலும் குறைவு, ஆயுள் நீளமானது. லொறிக்கான அளவிற் கிடைப்பது அரிது, 4.2 வோல்ற்று வகைக்கென அமைந்த கட்டுப்படுத்தி இதனை முன்கூட்டியே நிறுத்திவிடவும் கூடும். கிடைத்தால், அதற்கெனத் தனித் தெரிவுள்ள மின்னேற்றியும் இருந்தால், நல்லதே.

எமது ஆலோசனை இது. லொறியைப் பெரும்பாலும் தனியே கையாளப்போவது பதினான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளையெனில் நிக்கல் உலோக ஐதரைட்டுப் பற்றரியை வாங்குங்கள். பெரியவர் ஒருவர் மின்னேற்றும்போது உடனிருப்பாரெனில், கடினமான பிளாஸ்ரிக் உறையுள்ள 2 எஸ் லிதியம் பொலிமரை வாங்குங்கள். மூன்று கலமுள்ள "3 எஸ்" பற்றரியை முதல் லொறிக்கு வாங்கவேண்டாம்.

இக்கடைசி வாக்கியம் இளைஞர்க்குப் பிடிக்காது என்பதை அறிவோம். 7.4 வோல்ற்றுக்குப் பதிலாக 11.1 வோல்ற்று வந்தால் வேகம் ஒன்றரை மடங்காகும் என்பது சரி. ஆனால் வண்டி முட்டி நின்றுவிட்டால் மின்னோட்டமும் ஒன்றரை மடங்கு. வெப்பமோ மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப இரண்டேகால் மடங்கு. வேகத்துக்கும் விலையுண்டு. 3 கிலோ நிறையுள்ள லொறி மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் ஒருவர் காலில் மோதுவது, அதே 3 கிலோவை 6 மீற்றர் உயரத்திலிருந்து போடுவதற்குச் சமன். வீதியோரத்திற் சிறுபிள்ளைகள் கூடிநின்று பார்க்கும் எமது ஊர்களில் இதை நினைவில் வைத்தல் நன்று.

பற்றரியின் மேல் "20 சீ", "50 சீ", "100 சீ" என்றும் எழுதியிருக்கும். கொள்ளளவை அவ்விலக்கத்தாற் பெருக்கினால், பற்றரி பாதுகாப்பாகத் தரவல்ல மின்னோட்டம் வரும் என்பது பொருள். 5 அம்பியர் மணியும் 20 சீயும் எனின் 100 அம்பியர். சாதாரண 540 மோட்டருக்கு இதுவே தாராளம். 100 சீ எனின் 500 அம்பியர். லொறியிலுள்ள வயர் அதிற் சிறுபங்கைக்கூடத் தாங்காது. இவ்விலக்கம் பெரும்பாலும் விற்பனைக்காக ஊதிப் பெருப்பிக்கப்படுகிறது. அதற்காகக் கூடிய விலை கொடுக்கவேண்டாம்.

பழைய மடிக்கணினிப் பற்றரிகளை உடைத்து, அதிலுள்ள உருளைக் கலங்களைக் கட்டி லொறிக்குப் போடும் முயற்சிகளும் உண்டு. கைவேலையில் ஆர்வத்தை நாம் மெச்சுகிறோம். ஆனால் அக்கலங்கள் சில அம்பியர்களை நெடுநேரம் தருவதற்கென அமைந்தவை. 20, 30 அம்பியரைக் கேட்டால் சூடேறிக் கெடும். அவற்றைக் கைவிளக்குக்குப் பாவிக்கலாம், லொறிக்கு வேண்டாம்.

வேகக் கட்டுப்படுத்தி

1980களில் வந்த வண்டிகள் பலவற்றில் இயந்திர வகைக் கட்டுப்படுத்தி இருந்தது. சேர்வோ ஒன்று தகட்டைத் தள்ளி, தடையொன்றின் ஊடாக மின்னைக் குறைத்துக் கொடுக்கும். மெதுவாக ஓடும்போது மிச்ச மின்சக்தி தடையில் வெப்பமாகப் போகும். உறவினர் கொடுத்த பழைய வண்டியில் இது இருந்தால் முதலிற் கழற்றிவிடுங்கள். இன்றைய இலத்திரனியற் கட்டுப்படுத்தி, செக்கனுக்குப் பல நூறு அல்லது ஆயிரம் தடவை மின்னைத் திறந்தும் மூடியும் வேகத்தைக் கட்டுப்படுத்துவதால் வீண்செலவு குறைவு.

தெரியும்போது மூன்று விடயங்களைப் பார்க்கவேண்டும். முதலாவது, எத்தனை சுற்று மோட்டர் வரை அது தாங்கும் என்பது. அம்பியர் இலக்கத்தை விட இவ்வெல்லையையே நம்புங்கள். உதாரணமாக, பரவலாகக் கிடைக்கும் ஹொப்விங் நிறுவனத்தின் குயிக்ரன் 1060 எனப்படும் 60 அம்பியர் கட்டுப்படுத்தி, 2 எஸ் பற்றரியுடன் 12 சுற்றுக்குக் குறையாத மோட்டரையும், 3 எஸ் பற்றரியுடன் 18 சுற்றுக்குக் குறையாத மோட்டரையும் இயக்கவல்லது. வோல்ற்றளவு கூடும்போது மோட்டரை அடக்கமாகத் தெரியவேண்டும் என்பது இவ்விரு இலக்கங்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இரண்டாவது, லிதியம் பற்றரியைக் காக்கும் தாழ்வோல்ற்று நிறுத்தம். கலம் குறித்த அளவுக்கு இறங்கியதும் கட்டுப்படுத்தி மோட்டரை நிறுத்திவிடும். பல கட்டுப்படுத்திகளில் நிக்கல், லிதியம் என இரு நிலைகளுண்டு. சிறு இணைப்பான் ஒன்றை இடம்மாற்றித் தெரியவேண்டும். நிக்கல் நிலையில் விட்டு லிதியம் பற்றரியைப் பூட்டினால் லொறி நன்றாகவே ஓடும். பிழையிருப்பதாக எவருக்கும் தோன்றாது. கலம் 3 வோல்ற்றுக்கு மிகக் கீழே போனபின் அதன் உட்பாகம் சிதையத் தொடங்கும். அடுத்த முறை மின்னேற்றும்போதே அதன் விளைவு தெரியவரும். பழைய கட்டுப்படுத்தியில் இவ்வசதியே இல்லையெனில், பற்றரியின் சிறு சமநிலைப் பிளக்கிற் பூட்டும் ஒலியெழுப்பியைப் பாவிக்கலாம். கலத்துக்கு 3.5 வோல்ற்று என அமைத்துவிட்டால் நேரத்தோடு கத்திக் கூப்பிடும். விலையும் சொற்பம்.

மூன்றாவது, பலரும் கவனியாதது. வாங்கிக்கும் சேர்வோவுக்கும் வேண்டிய 5 அல்லது 6 வோல்ற்றை, பெரிய பற்றரியிலிருந்து குறைத்துக் கொடுப்பதும் கட்டுப்படுத்தியே. மலிவான கட்டுப்படுத்தி மேலதிக வோல்ற்றளவை வெப்பமாக எரித்தே குறைக்கிறது. முழுதாய் ஏற்றிய 2 எஸ் பற்றரியின் 8.4 வோல்ற்றை 5 ஆக்கும்போது, சேர்வோ 1 அம்பியர் இழுத்தால், 3.4 வாற்று வெப்பம். 3 எஸ் எனின் அது 7.6 வாற்று. பெரிய ரயரைத் திருப்பும் பலமான சேர்வோ, சில்லு கல்லிற் சிக்கியதும் 2, 3 அம்பியர் கேட்கும். அவ்வேளை வாங்கிக்குரிய வோல்ற்றளவு ஒரு கணம் விழுந்தால் வாங்கி மயங்கிவிடும். லொறி கையை விட்டுப் போய்விடும். ரேடியோ பழுது என்று எண்ணி வேறு ரேடியோ வாங்குகிறார்கள். உண்மையில் வேண்டியது, மின்னைத் திறந்துமூடிக் குறைக்கும் வகையைச் சேர்ந்த, 3 அம்பியர் தரவல்ல வழங்கியே. கட்டுப்படுத்தியில் அது இல்லாவிடின் தனியாகவும் வாங்கிப் பூட்டலாம்.

ரேடியோவைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பளிங்கு மாற்றி அலைவரிசை பிரிக்கும் 27 மெகாஹேர்ட்ஸ் வகையை விட்டு, 2.4 கிகாஹேர்ட்ஸ் வகையை வாங்குங்கள். ஒரே மைதானத்தில் இருவர் ஓட்டினாலும் ஒன்றையொன்று குழப்பாது. வாங்கியவுடன் ஒரு சோதனை செய்யுங்கள். லொறியின் சில்லுகள் நிலத்திற் படாதவாறு பெட்டியொன்றின் மேல் வைத்து, சிறிது வேகம் கொடுத்து, கையிலுள்ள செலுத்தியை அணைத்துவிடுங்கள். சில்லுகள் நிற்கவேண்டும். நிற்காவிடின், தொடர்பு அறும்போது மோட்டரை நிறுத்தும் அமைப்பு சரிசெய்யப்படவில்லை; அதைச் சரிசெய்யும்வரை லொறியை வெளியே விடவேண்டாம்.

பிளக்கும் வயரும்

பழைய வண்டிகளில் வரும் வெள்ளைநிறப் பிளக்கு 1970களின் மோட்டர்களுக்குப் போதுமானதாயிருந்தது. நாட்செல்ல அதன் உலோக நாக்குகள் தளர்ந்துவிடும். அவ்விடத்தில் 10 மில்லி ஓம் தடை ஏற்பட்டு, 20 அம்பியர் பாய்ந்தால், சுண்டுவிரல் நுனியளவான இடத்தில் 4 வாற்று வெப்பம் பிறக்கும். பிளாஸ்ரிக் இளகி இரு முனைகளும் ஒட்டிக்கொள்வது இப்படியே. மஞ்சள்நிற எக்ஸ்.ரீ.60 போன்ற பிளக்கை மாற்றிப் போடுங்கள். ஈயம் வைத்துப் பற்றவைக்கும்போது பற்றரிப் பக்கத்து வயர்களிரண்டையும் ஒரேநேரத்தில் வெட்டவேண்டாம். கத்தரிக்கோல் இரண்டையும் ஒருங்கே தொட்டால் அதன் அலகே உருகும். ஒன்றை வெட்டி, பற்றவைத்து, மூடியபின்னரே மற்றதைத் தொடுங்கள். பற்றரியில் எப்போதும் குழியுள்ள, உலோகம் வெளித்தெரியாத பாதியே இருக்கவேண்டும்.

கடற்கரையில் ஓட்டுவோருக்கு ஒரு வார்த்தை. புல்மோட்டைப் பக்கத்துக் கறுப்பு மணலில் இல்மனைற்று உண்டு. காந்தம் அதனை ஈர்க்கும். மோட்டரினுள் நிலைக்காந்தங்கள் இருப்பதால், காற்றோட்டத் துவாரத்தினூடாக அம்மணல் உள்ளே போய் ஒட்டிக்கொண்டு தூரிகையைத் தின்றுவிடும். கரையோர வெண்மணலிலும் உப்பீரம் உண்டு. மெல்லிய துணியை மோட்டரின்மேற் கட்டுவோருமுளர்; அப்போது மோட்டர் சூடாகும். கரையை விட்டு உள்ளே வந்து ஓட்டுவதே மேல்.

மின்னேற்றி

இனி முதலிற் சொன்ன விடயத்துக்கு வருவோம். நிக்கல் கலத்தை மின்னேற்றும்போது, அது நிரம்பியதும் வோல்ற்றளவு உச்சிக்குப் போய்ச் சற்றே கீழிறங்கும். அதற்கென அமைந்த மின்னேற்றி அவ்விறக்கத்தைக் கண்டே நிறுத்துகிறது. லிதியம் கலத்தில் அத்தகைய இறக்கம் ஏற்படுவதேயில்லை. நிக்கலுக்குரிய மின்னேற்றியில் லிதியம் பற்றரியைப் பூட்டினால், வராத இறக்கத்தை எதிர்பார்த்து அது ஏற்றிக்கொண்டேயிருக்கும். கலம் 4.2 வோல்ற்றைக் கடந்து, வீங்கி, புகைந்து, தீப்பற்றும். பிளக்கு ஒன்றாயிருப்பதால் இரண்டும் பொருந்திவிடுவதே இதிலுள்ள பொறி. ஆகவே வீட்டில் நிக்கல், லிதியம் ஆகிய இரண்டும் இருப்பின், இரண்டுக்கும் வெவ்வேறான பிளக்குகளைப் போடுங்கள்.

லிதியத்துக்கு வேண்டியது, கலங்களைத் தனித்தனியே அளந்து சமப்படுத்தும் மின்னேற்றி. பற்றரியில் தடித்த வயர்களோடு மெல்லிய வயர்களின் வெள்ளைச் சிறு பிளக்கு ஒன்றும் இருக்கும்; அதையும் ஒவ்வொரு முறையும் பூட்டவேண்டும். இரண்டு கலங்களில் ஒன்று 4.0 வோல்ற்றிலும் மற்றது 4.4 வோல்ற்றிலும் நின்றாலும் கூட்டுத்தொகை 8.4 தான். மொத்தத்தை மட்டும் அளக்கும் மின்னேற்றிக்கு எல்லாம் நலமாகவே தோன்றும். மின்னேற்றும் அளவை, கொள்ளளவின் ஒரு மடங்காக வையுங்கள்: 5000 மில்லியம்பியர் மணிக்கு 5 அம்பியர். ஏறக்குறைய ஒரு மணிநேரத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். 50 வாற்று மின்னேற்றி இதற்குப் போதும். இவ்வகைகளிற் பல, வீட்டு மின்னின்றி 12 வோல்ற்று வாகனப் பற்றரியிலும் இயங்கவல்லன. 2022இல் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை நீண்ட காலத்தை நினைவுகூருவோருக்கு இதன் பயன் சொல்லாமலே விளங்கும். சூரியத்தகடும் பற்றரியும் உள்ள வீட்டில் லொறிக்கு வேண்டிய 37 வாற்று மணி பெரிய செலவன்று.

மின்னேற்றும் இடம் சீமெந்துத் தரையாகவோ ஓட்டுத் தட்டாகவோ இருக்கட்டும். கிடுகுக் கூரையின் கீழும், மெத்தையின் மேலும், உறங்கும் அறையிலும் வேண்டாம். ஓடி முடிந்த பற்றரி சூடாறும்வரை பொறுத்திருங்கள். அருகே ஒரு வாளி உலர்மணல் இருக்கட்டும். புகை வரக் கண்டால், எட்டக்கூடியதாயின் சுவரிலுள்ள ஆளியை அணைத்துவிட்டு, பிள்ளைகளை வெளியேற்றுங்கள். அப்புகை நஞ்சு, பற்றரியைக் காப்பாற்ற முயலவேண்டாம்.

பாவியாது வைக்கும் லிதியம் பற்றரியை முழுதாக ஏற்றியும் வைக்கலாகாது, வெறுமையாகவும் வைக்கலாகாது. கலத்துக்கு 3.8 வோல்ற்று என்பதே நடுநிலை. நல்ல மின்னேற்றியில் இதற்கெனத் தனித்தெரிவு உண்டு. தகரக் கூரையின் கீழ் நண்பகல் வெக்கையில் முழுதாக ஏற்றி விட்ட பற்றரி சில மாதங்களில் உப்பிவிடும். உப்பிய பற்றரி உள்ளே வாயு நிரம்பியது. அதைக் குத்தவும் கூடாது, அமுக்கி உறைக்குட் திணிக்கவும் கூடாது, மீண்டும் மின்னேற்றவும் கூடாது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவோருக்கும் ஒன்று சொல்லவேண்டும். தனியாயுள்ள லிதியம் பற்றரியைக் கைப்பொதியிலேயே கொண்டுவரலாம். விமானத்தின் அடிப்பகுதிக்குப் போகும் பெட்டியில் வைக்கக்கூடாது. 100 வாற்று மணிக்கு உட்பட்டவை பொதுவாக அனுமதிக்கப்படும். எமது 37 வாற்று மணி அதற்குள் அடங்கும். முனைகளை ஒட்டுநாடாவால் மூடிவிடச் சொல்லுங்கள். 2016 ஏப்பிரல் முதல் இத்தகைய பற்றரிகளைத் தனியே சரக்காகப் பயணிகள் விமானத்தில் ஏற்றுவது தடைசெய்யப்பட்டுள்ளது. மின்னேற்றியையும் அதே ஆளிடமே சொல்லி அனுப்புவியுங்கள். பற்றரி வந்து மின்னேற்றி வராத இடைக்காலத்திலேதான் எவரும் கையில் அகப்பட்டதைப் பூட்டிப் பார்ப்பது.

யாவும் பூட்டியபின் முதல் ஓட்டம் ஐந்து நிமிடத்துக்கு மேற் போகவேண்டாம். நிறுத்தி, பற்றரியைக் கழற்றி, பற்றரி, பிளக்கு, கட்டுப்படுத்தி, மோட்டர் என்ற ஒழுங்கில் நான்கையும் மெல்லத் தொட்டுப் பாருங்கள். 2020இல் தொற்றுக்காலத்தில் நெற்றிக்குப் பிடித்த வெப்பமானி வீட்டிற் கிடந்தால், அது உடல் வெப்பத்தை மட்டுமே அளக்கும்; பொருட்களை அளக்கும் வகையே இதற்கு உதவும். பற்றரி இளஞ்சூடாய் இருக்கலாம், கையைச் சுடக்கூடாது. பிளக்கு பற்றரியிலும் சூடாயிருந்தால் நாக்குத் தளர்ந்துவிட்டது அல்லது ஈயம் சரியாகப் பிடிக்கவில்லை. கட்டுப்படுத்தி சுட்டால், மோட்டரின் சுற்று அதற்குப் போதாது. மோட்டர் 80 பாகை செல்சியசை அண்டினால், அதாவது விரலை ஒரு கணமும் வைக்க முடியாதிருந்தால், சிறு பற்சில்லில் இரண்டு பல்லைக் குறைத்து, ஆறவிட்டு, மீண்டும் ஐந்து நிமிடம் ஓட்டிப் பாருங்கள்.